ஐந்து வயதுக் குழந்தையை ஓபராவுக்கு அழைத்துப் போகலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் இருக்கிறீர்கள். மகளுக்கு ஐந்து வயது, கர்நாடக இசை வகுப்புக்கு இப்போதுதான் போகத் தொடங்கியிருக்கிறாள். மகனுக்குப் பதினோரு மாதம். குழந்தைகளுக்கான ஓபரா (கதையைப் பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம்) ஒன்று நடக்கப்போகிறது, பார்க்க வருபவர்களும் சேர்ந்து பாட வேண்டும் என்று பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. ஓபராப் பாடகர்களின் உரத்த குரலைக் கேட்டால் பிள்ளை பயந்துவிடுமா, நமக்கே பழக்கமில்லாத இசைக்குக் கூட்டிப் போய் என்ன பயன், படித்துக்கொண்டிருக்கும் பாட்டு குழம்பிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் உங்களை உறுத்துவது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: அந்த அரங்கில் என் குழந்தைக்கு ஓர் இடம் இருக்குமா, இல்லை அடுத்த வீட்டு விசேஷத்தில் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வருவதுபோல் ஆகிவிடுமா? அதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஓபரா ஒத்திகைகளில் பாடகர்களுக்குப் பியானோ வாசிப்பது என் தொழில். குழந்தைகள் மேடையிலோ இருக்கையிலோ இருந்து சேர்ந்து பாடும் ஓபராக்களில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அந்தப் பழக்கத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. ‘நீங்களும் பங்கேற்கலாம்’ என்று அறிவிக்கும் நிகழ்ச்சிகள் எல்லாம் ஒரே தரம் இல்லை. குழந்தை செய்ய வேண்டியது இசைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அவள் அதைச் செய்யாவிட்டால் கதை அந்த இடத்தில் நின்றுபோக வேண்டும். அப்படி எழுதப்பட்ட ஓபராவில் நான்கு வயதுக் குழந்தைகூட முக்கால் மணி நேரம் கவனம் சிதறாமல் இருப்பதைப் பார்க்கிறேன். அப்படி இல்லாத இடத்தில் பத்து வயதுப் பிள்ளைக்கும் பத்தே நிமிடத்தில் சலித்துவிடுகிறது.

இதற்கு நான் முதலில் காட்டும் உதாரணம் 1949இல் வந்தது. ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்து, எரிக் குரோசியர் வசனமும் பாடல்களும் எழுதிய ‘லெட்ஸ் மேக் அன் ஓபரா’. சஃபோக் கடலோரத்தில் ஆல்ட்பரோ என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே நடக்கும் இசைவிழாவின் இரண்டாம் ஆண்டில், ஜூபிலி ஹால் என்ற சிறிய மண்டபத்தில், ஜூன் மாதம் அரங்கேறியது. முதல் பகுதி வெறும் நாடகம். சில குழந்தைகளும் பெரியவர்களும் கூடி ஓர் ஓபரா தயாரிக்கிறார்கள். அந்தச் சாக்கில் இசை நடத்துநர் பார்வையாளர் பக்கம் திரும்பி, அவர்கள் பாட வேண்டிய நான்கு பாட்டுகளையும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார். அதற்கு அப்புறம் வருவதுதான் ஓபரா, ‘தி லிட்டில் ஸ்வீப்’.

கதை 1810இல் நடக்கிறது. சாம் என்ற எட்டு வயதுப் பையனை அவன் தகப்பன் புகைபோக்கி சுத்தம் செய்பவனிடம் விற்றுவிடுகிறான். ஒரு பெரிய வீட்டில் புகைபோக்கிக்குள் ஏற்றிவிடப்பட்ட சாம் நடுவில் சிக்கிக்கொள்கிறான். அந்த வீட்டுக் குழந்தைகள் கயிற்றைப் பிடித்து இழுத்து அவனை மீட்டு, குளிப்பாட்டி, பொம்மை அலமாரியில் ஒளித்துவைத்து, மறுநாள் ஒரு பயணப் பெட்டிக்குள் போட்டு வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பார்வையாளர் பாட்டு எங்கெல்லாம் வருகிறது பாருங்கள். தொடக்கத்தில் ஒன்று, அது இல்லாமல் ஓபரா ஆரம்பமே ஆகாது. சாமைக் குளிப்பாட்டும் இடத்தில் இன்னொன்று. குளியல் மேடையில் நடப்பதில்லை. அரங்கம் முழுவதும் பாடித்தான் அவனைக் குளிப்பாட்டுகிறது. பாட்டு முடிந்து அடுத்த காட்சி வரும்போது கரியெல்லாம் போய்ப் பையன் பளிச்சென்று இருக்கிறான். மூன்றாவது, இரவு கடப்பதற்கான பாட்டு. அரங்கம் ஆந்தை, நாரை, காட்டுப்புறா, சிறு குருவி என நான்கு கூட்டமாகப் பிரிகிறது. ஒவ்வொரு கூட்டமும் தன் பறவையின் குரலைக் கொடுத்துவிட்டு, கடைசியில் நான்கும் ஒன்றாகச் சேர்கின்றன. நான்காவது பாட்டில் எல்லோருமாகச் சேர்ந்து வண்டி ஓட்டிச் சாமை வழியனுப்புகிறார்கள்.

ஒரு குழந்தைக்கு இதனால் என்ன நடக்கிறது? ஆந்தைக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தன் முறை எப்போது வரும் என்று தெரிய வேண்டும். அதற்காக மற்ற மூன்று கூட்டத்தையும் காதுகொடுத்துக் கேட்கிறாள். கேட்கச் சொல்லி யாரும் அதட்ட வேண்டியதில்லை. பல குரல்கள் ஒரே சமயத்தில் வெவ்வேறு விஷயம் பாடுவதுதான் ஓபராவில் புதியவர்களைத் திணறவைக்கும் அம்சம். பாடம் எதுவும் நடத்தாமல் அந்தத் திணறலைப் பிரிட்டன் தீர்த்துவைக்கிறார். வாத்தியக் குழுவையும் சின்னதாகவே வைத்தார்: நான்கு நரம்புக் கருவிகள், ஒரே பியானோவில் இருவர், தாள வாத்தியங்கள். அதனால் ஒரு பள்ளி மண்டபத்திலேயே இதை நடத்திவிட முடிகிறது. இந்த வாசிப்பில் நானும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். பறவைப் பாட்டின்போது பெரியவர்கள் கூச்சத்தை விடுவதற்குத்தான் நேரம் ஆகிறது, பிள்ளைகளுக்கு ஆவதில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1958 ஜூனில், ஆல்ட்பரோ பக்கத்து ஆர்ஃபோர்டு ஊர்த் தேவாலயத்தில் ‘நோயிஸ் ஃப்ளட்’ என்ற ஓபராவை அரங்கேற்றினார் பிரிட்டன். செஸ்டர் நகரத்துப் பழைய சமய நாடகம் ஒன்றிலிருந்து எடுத்த, பைபிளில் வரும் நோவாவின் வெள்ளக் கதை: பெருவெள்ளம் வருமுன் அவர் பேழை என்ற பெரிய கப்பலில் குடும்பத்தையும் விலங்குகளையும் ஏற்றிக் காப்பாற்றுகிறார். இதைப் பெரிய கட்டடம் ஏதாவது ஒன்றில், முடிந்தால் தேவாலயத்தில் நடத்துங்கள், நாடக அரங்கில் மட்டும் வேண்டாம் என்பது அவர் நிபந்தனை. நோவா, அவர் மனைவி, கடவுளின் குரல், இவர்களோடு கொஞ்சம் தொழில்முறை வாத்தியக்காரர்கள் மட்டும் பெரியவர்கள். மிச்சம் எல்லாம் பிள்ளைகள். விலங்குகளாகக் கூட்டம் கூட்டமாகப் பேழைக்குள் போகிறவர்கள் பிள்ளைகள். வாத்தியக் குழுவிலும் அவர்கள்தான் அதிகம். வயலின் பகுதியை அவர் வெவ்வேறு திறமைக்கு ஏற்றபடி பிரித்து எழுதியிருக்கிறார். போன மாதம் வயலின் எடுத்த பிள்ளை, விரல் வைக்காமல் வெறுந்தந்தியை இழுத்துக்கொண்டே புயலில் பங்கெடுக்கலாம். மழையின் முதல் துளிகளுக்கு, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட தேநீர்க் கோப்பைகளை மரக் கரண்டியால் தட்ட வேண்டும். கோப்பை தட்டத் தெரியாத குழந்தை உண்டா? ஆனால் அந்தத் துளி சரியான இடத்தில் விழாவிட்டால் வெள்ளம் தொடங்காது. பார்க்க வந்தவர்கள் எழுந்து நின்று மூன்று இடங்களில் தேவாலயப் பாட்டுகளைப் பாடுகிறார்கள். புயல் உச்சத்தில் இருக்கும்போது அதில் ஒன்று எழுகிறது. அந்த நேரத்தில் அந்தக் கட்டடத்தில் சும்மா இருப்பவர் ஒருவரும் கிடையாது.

இது கிறிஸ்தவப் பாட்டுகளோடு பின்னிய படைப்பு. நம் குடும்பங்களில் சிலருக்கு இது தயக்கம் தரலாம். நிகழ்ச்சிக்கு முன்பே தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நான் இதை மழை, விலங்குகள், வானவில் பற்றிய கதையாகவே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பிள்ளைகளும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இத்தாலியில் வேறு வழி பிடித்தார்கள். கோமோ நகரை மையமாகக் கொண்ட ஆஸ்லிகோ என்ற அமைப்பு 1990களிலிருந்து ‘ஓபெரா தொமானி’ என்ற திட்டத்தை நடத்துகிறது. புதிய படைப்பு எழுதுவதற்குப் பதிலாக, புகழ்பெற்ற ஓபராக்களையே சுருக்கி, ஆண்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அவர்கள் மாதக்கணக்கில் வகுப்பில் சில பாடல்களைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள், சின்னச் சின்னப் பொருள்களையும் கையால் செய்யவைக்கிறார்கள். நிகழ்ச்சி நாளில் அரங்கு நிறையப் பிள்ளைகள் அந்தப் பொருளோடு வந்து, தங்கள் இடம் வந்ததும் எழுந்து, வாத்தியக் குழுவோடு பாடுகிறார்கள். பாரிஸில் ஷான்செலிசே அரங்கிலும் இதே முறையில் குடும்பங்களுக்கான ஓபராக்கள் நடக்கின்றன. முன்தயாரிப்பில் பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பதற்கு இந்த முறைதான் எனக்குத் தெரிந்த நல்ல சான்று. பாட்டைத் தெரிந்துகொண்டு போகும் பிள்ளை, அது எப்போது வரும் என்று காத்திருக்கிறாள். அப்படிக் காத்திருப்பவளை யாரும் அடக்கி உட்காரவைக்க வேண்டியதில்லை.

இப்போது மோசமான வகையையும் சொல்ல வேண்டும். ஒரு தொகுப்பாளர் பாட்டுக்குப் பாட்டு நடுவில் வந்து, “கைதட்டுங்க! இன்னும் சத்தமா!” என்று கேட்பார். பிள்ளைகள் கத்துவார்கள். அடுத்த பாட்டு தொடங்கும்போது அந்தக் கத்தல் அடங்காது, பாடுபவர் காத்திருக்க வேண்டும். அங்கே பிள்ளைகளின் பங்கு இசைக்கு இடைஞ்சலாகத்தான் இருக்கிறது, அவர்களே அதை உணர்கிறார்கள். ஒரே ஒரு குழந்தையை மேடைக்கு இழுத்து எல்லோர் முன்னும் நிறுத்துவது அதைவிடக் கொடுமை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை அதோடு அரங்கத்தையே வெறுத்துவிடும். ஆகவே சீட்டு வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டுகளை முன்கூட்டியே அனுப்புவார்களா? பிள்ளைகள் பாடுவது கதையில் எந்த இடத்தில் வருகிறது? மொத்தம் எவ்வளவு நேரம்? விளக்கை முழுவதும் அணைப்பார்களா? நடுவில் வெளியே போய்விட்டுத் திரும்ப வரலாமா? முதல் இரண்டு கேள்விக்கும் தெளிவான பதில் வராவிட்டால் நான் போகமாட்டேன்.

பயம் பற்றிக் கேட்டீர்கள். ஓபராப் பாடகரின் குரல், ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு முழு வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்கும்படி பயின்ற குரல். குறிப்பாக ஆண் குரல்களில், நொடிக்கு ஏறக்குறைய 3000 அதிர்வுகள் (3000 ஹெர்ட்ஸ்) கொண்ட பகுதியில் ஒலி திரண்டு நிற்கும்; மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அந்தப் பக்கம்தான். ஆகவே பக்கத்தில் நின்று கேட்டால் உண்மையிலேயே அதிரும். இருந்தாலும், நான் பார்த்தவரை, பிள்ளைகளை அழவைப்பது பெரும்பாலும் குரல் இல்லை. திடீரென்று கவியும் இருட்டு, எதிர்பாராத வெடிச்சத்தம், முகம் தெரியாத வேடம், இவைதான் காரணம். வெளிச்சத்தில், மெதுவாகத் தொடங்கி, பாடுபவர் முகத்தைக் காட்டிப் பாடும்போது பிள்ளைகள் ஆச்சரியத்தோடு வாயைத்தான் பார்க்கிறார்கள், இவ்வளவு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று. நான்கைந்து வரிசை பின்னால், நடைபாதை ஓரத்து இருக்கையாக எடுங்கள். சின்னவனுக்குக் காதை மூடும் குழந்தைக் கவசம் ஒன்று பையில் இருக்கட்டும். காது மருத்துவம் என் துறை இல்லை. காதில் ஏற்கெனவே ஏதாவது தொந்தரவு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பதினோரு மாதக் குழந்தைக்கு ஓபரா எதற்கு என்று உங்கள் மாமியார் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வயதுக்கென்றே எழுதப்பட்ட ஓபராக்கள் இருக்கின்றன. ஸ்காட்டிஷ் ஓபரா என்ற குழு 2017இல் ‘பாம்பினோ’ என்ற படைப்பை அரங்கேற்றியது. இசை லியம் பேட்டர்சன். ஆறு மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு மட்டும். பறவைகளாக இரண்டு பாடகர்கள், ஒரு செல்லோ (வயலினைவிடப் பெரிய நரம்புக் கருவி), ஒரு தாள வாத்தியக்காரர், அவ்வளவே. குழந்தைகள் அவர்களுக்கு நடுவே தவழ்ந்துகொண்டு போகலாம். அடுத்த ஆண்டு இது நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் ஓபரா என்ற பெரிய ஓபரா நிறுவனத்துக்கும் போனது. இந்த வகை நிகழ்ச்சியில் பாடுபவர்கள் முழுக் குரலை எடுப்பது அபூர்வம். குழந்தையின் கண்ணைப் பார்த்து, அது ஓர் ஒலி எழுப்பினால் அதையே வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்தக் குழந்தைக்குக் கதை தேவையில்லை. தன் சத்தத்துக்கு ஒரு பெரிய குரல் பதில் சொல்கிறது என்பதே போதும். உங்கள் மகளுக்கான நிகழ்ச்சிக்கு மகனையும் சேர்த்துக் கூட்டிப்போவதைவிட, அவனுக்கு இப்படி ஒன்று தனியாகக் கிடைத்தால் அதுதான் நல்லது.

கர்நாடக இசை குழம்பிவிடுமா? இதற்கு நான் தைரியமாக ‘இல்லை’ என்பேன், ஆராய்ச்சியும் துணைக்கு இருக்கிறது. எரின் ஹேனன், சாண்ட்ரா ட்ரெஹப் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வுகளில், வட அமெரிக்கக் குழந்தைகளுக்கு அவர்கள் பழகாத, தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதித் தாளங்களைக் கேட்கவைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதக் குழந்தைகள் அந்தத் தாளத்தில் வரும் பிசகையும் கண்டுகொண்டன. பன்னிரண்டு மாதத்தில் காது ஊர்ப் பழக்கத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. ஆனால் வீட்டில் இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கவைத்ததும் அந்த வயதுக் குழந்தைகள் மீண்டும் பிடித்துக்கொண்டன. பெரியவர்களுக்கு அது அவ்வளவு எளிதாக வரவில்லை. சின்ன வயதுக் காது இரண்டு இசைக்கும் இடம் வைத்துக்கொள்ளும் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. ஒரு எச்சரிக்கை மட்டும்: மகள் வீட்டில் ஓபராக் குரலை நடித்துக் காட்டினால் சிரித்து ரசியுங்கள், ஆனால் அந்தக் குரலில் தினமும் பாடவைக்காதீர்கள். மேலே சொன்ன படைப்புகளில் பிள்ளைகள் தங்கள் இயல்பான குரலில்தான் பாடுகிறார்கள்.

சந்தேகமானவற்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளம்பரத் தாள்களில் இவை கலந்தே வரும். மோட்சார்ட் கேட்டால் குழந்தையின் அறிவு வளரும் என்பதை நம்பி எதையும் வாங்காதீர்கள். அந்தப் பேச்சுக்கு மூலம் 1993இல் வந்த ஒரு சிறு ஆய்வு. அதில் கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள், குழந்தைகள் இல்லை. கண்ட பலனும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. சேர்ந்து பாடி ஆடுவதால் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உதவும் குணம் கூடுகிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. ஜெர்மனியில் நான்கு வயதுப் பிள்ளைகளை வைத்து கிர்ஷ்னர், டொமாசெல்லோ இருவரும் 2010இல் செய்தது ஒன்று. பதினான்கு மாதக் குழந்தைகளைத் தாளத்தோடு குதிக்கவைத்து லாரா சிரெல்லியும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் செய்தது இன்னொன்று. ஆனால் இரண்டிலும் பார்த்தது விளையாட்டு முடிந்த உடனே நடந்ததை. அதை வைத்து நீண்டகாலக் குணத்தைப் பற்றிப் பேசுவது அதிகப்படி. சின்ன வயதில் ஓபரா பார்த்த பிள்ளை பெரியவளாகியும் ரசிகையாக இருப்பாளா என்பதிலும் நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அப்படிக் கூட்டிப்போகும் வீட்டில் ஏற்கெனவே பாட்டு இருக்கும். எது எதனால் வந்தது என்று பிரிப்பது கடினம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பே பாட்டுகளை வாங்கிவிடுங்கள். எல்லாம் வேண்டாம், இரண்டு போதும். குளிக்கும்போது, காரில் போகும்போது நீங்களும் சேர்ந்து பாடுங்கள். உச்சரிப்பு சரியா, சுருதி சேர்கிறதா என்று திருத்தப் போகாதீர்கள். கதையைத் தமிழில் சொல்லுங்கள், முடிவையும் சேர்த்து. சாம் தப்பிவிடுவான் என்று தெரிந்த பிள்ளை, அவன் புகைபோக்கியில் சிக்கும்போது தைரியமாக உட்கார்ந்திருக்கும். காணொளியை முன்கூட்டிக் காட்டுவதை நான் தவிர்ப்பேன். திரையில் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு நேரில் நடப்பது தூரமாகவும் சின்னதாகவும் தெரிகிறது. பாட்டை மட்டும் கேட்கவையுங்கள்.

அரங்கில் அவள் வாயே திறக்காமல் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே ஒரு சொல்லும் பாடாமல் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து முழுப் பாட்டையும் பாடும் பிள்ளைகள் நிறைய. ஆனால் நீங்கள் பாடியே ஆக வேண்டும். பெற்றோர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தால், இது பெரியவர்கள் செய்யாத காரியம் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். ‘எங்களுக்கே இந்த இசை தெரியாது’ என்று தயங்கினீர்கள். பார்வையாளர் பாட்டுகள் தெரியாதவர்களுக்காகவே எழுதப்பட்டவை. அரங்கில் உங்கள் அருகில் உட்கார்ந்திருப்பவரும் அன்றுதான் கற்றுக்கொண்டிருப்பார்.

முழு ஓபராவுக்கு அவசரம் வேண்டாம். மோட்சார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ 1791இல் வியன்னாவில் வந்தது. முழுதாக நடத்தினால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகும். மெட்ரோபாலிட்டன் ஓபரா 2006இலிருந்து குடும்பங்களுக்காக ஏறக்குறைய நூறு நிமிடமாகச் சுருக்கி, ஆங்கிலத்தில் நடத்திவருகிறது. ஏழெட்டு வயதில் அந்த அளவு சரியாக இருக்கும். அதில் பாப்பகேனோ என்ற பறவைபிடிப்பவன் ஊதும் குழலில் வருவது ஐந்தே சுரம். முன்பே பாடிப் பழகியிருந்தால் உங்கள் மகள் ஒவ்வொரு முறையும் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். ‘ஹேன்சலும் கிரேட்டலும்’ குழந்தைக் கதை என்பதால் பலர் அதிலிருந்து தொடங்குகிறார்கள். ஹம்பர்டிங்க் 1893இல் தந்த இசை அருமை, ஆனால் வாத்தியக் குழு பெரியது, சூனியக்காரி பிள்ளைகளை அடுப்பில் தள்ளப் பார்க்கும் காட்சியும் உண்டு. ஐந்து வயதுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

பள்ளித் தாளில் நிகழ்ச்சியின் பெயரும் நேரமும் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள், பகலில், பாட்டுகளை முன்பே தருவார்கள் என்றால் இரண்டு சீட்டு எடுங்கள், மகளுக்கும் உங்களில் ஒருவருக்கும். இன்னொருவர் அன்று தம்பியோடு வீட்டில் இருக்கட்டும்.